மூன்று கிண்ணங்களில் எது வேறு: சாக்கே சுவைக்கப் பழகிய ஐந்து மாதங்கள்

சென்ற ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, என் மனைவி சமையலறை மேசையில் மூன்று வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். இரண்டில் ஒரே சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, மூன்றாவதில் வேறொரு சாக்கே. எந்தக் கிண்ணம் வேறு என்று நான் சொல்ல வேண்டும். ஒன்பது சுற்றில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். இதே இரண்டு சாக்கேகளை வைத்து ஜூன் மாதம் இதே சோதனையைச் செய்தபோது மூன்று முறைதான் சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கிண்ணத்தைத் தொட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் என் நாக்கு பெரிதாகத் தேறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கிண்ணமும் புட்டியும் வெப்பநிலையும் சுவைக்கும் நேரமும் மாறின. அவற்றை மாற்றிய கதையைத்தான் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சாக்கே பற்றிய பதிவு என்றதும் வீட்டில் ஊறல் போட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜப்பானில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ சாராயச் சத்துள்ள எதையும் உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். வீட்டுத் தேவைக்கென்றாலும் விலக்கு இல்லை. நான் செய்ததெல்லாம் கடையில் வாங்கிய புட்டிகளை ஒழுங்காகக் குடிக்கக் கற்றுக்கொண்டது மட்டுமே.

நாங்கள் வசிப்பது ஹிரோஷிமா மாவட்டத்தின் ஹிகாஷிஹிரோஷிமா நகரத்தில், சைஜோ ரயில் நிலையத்துக்கு அருகில். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே சிவப்புச் செங்கல் புகைபோக்கிகளோடு பல சாக்கே ஆலைகள் நிற்கின்றன. ஆண்டுதோறும் புது சாக்கேகளை மதிப்பிடும் போட்டியை 1911 முதல் நடத்திவரும் தேசிய ஆய்வு நிறுவனமும் 1995இல் தோக்கியோவிலிருந்து இந்த நகரத்துக்குத்தான் இடம் மாறியது. இப்படிப்பட்ட ஊரில் மூன்று ஆண்டுகளாக இருந்துகொண்டு, எதைக் குடித்தாலும் 'அரிசித் தண்ணீரில் கொஞ்சம் காரம்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல் இருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

சோதனைக்கு ஒரே ஆலையின் இரண்டு புட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று ஜுன்மாய், அரிசி, தண்ணீர், கோஜிப் பூஞ்சை ஏற்றிய அரிசி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் சேராதது. மற்றது ஹொன்ஜோசோ, அரிசியை அதன் எடையில் 70 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சும்படி தீட்டி, கடைசிக் கட்டத்தில் சிறிதளவு தனிச் சாராயம் கலந்தது. கலக்கும் சாராயம் அரிசியின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. இரண்டிலும் சாராயச் சத்து 15 விழுக்காடு, இரண்டும் 720 மில்லிலிட்டர். விலை முறையே 1,430 யென், 1,180 யென். ஓர் ஆலை, ஒரே தண்ணீர், ஒரே கைகள் என்பதால் வேறுபாடு மெல்லியதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே எடுத்தேன். தொடக்கத்திலேயே செய்த முதல் தவறு அதுதான் என்று பின்னால் புரிந்தது.

ஜூன் சோதனையை இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு செய்தோம். வீட்டில் இருந்த மூன்று ஒயின் கோப்பைகள், குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த புட்டிகள், வாயில் ரசத்தின் மிச்சம். கோப்பைகள் மூன்றும் ஒரே அளவுகூட இல்லை. சரியாகச் சொன்ன மூன்றில் ஒன்றும் நேர்மையானது அன்று. ஜுன்மாய் இலேசான மஞ்சளாக இருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டேன். அன்று முதல் கண்ணை மூடிக்கொண்டு சுவைப்பது என்று முடிவாயிற்று.

முதலில் கிண்ணங்களை மாற்றினேன். ஆலைகளில் பயன்படுத்தும் கிகிசோக்கோ என்பது வெள்ளைப் பீங்கானில் செய்த கைப்பிடியில்லாத கிண்ணம். உள்ளே அடியில் அடர்நீலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் இருக்கும். பாம்புக் கண் என்பது அந்த வளையங்களுக்கு ஜப்பானியர் வைத்த பெயர். அழகுக்காகப் போட்டவை அல்ல அவை. வெள்ளைப் பகுதியில் சாக்கேயின் நிறம் தெரியும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா, மசமசவென்று இருக்கிறதா என்பதை வைத்துத் தெளிவை அறியலாம். ஆலைகளில் இருக்கும் வழக்கமான அளவில் ஒரு கோ, அதாவது 180 மில்லிலிட்டர் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு 10 மில்லிலிட்டர் ஊற்றப் போகிறவனுக்கு அது அண்டாவைப் போல இருக்கும் என்பதால் அதில் பாதி அளவுள்ளதை வாங்கினேன். மூன்றும் சேர்த்து 3,300 யென்.

புதுக் கிண்ணங்களோடு செய்த முதல் முயற்சியில் எல்லாச் சாக்கேயும் ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றிலும் பின்னணியில் ஏதோ ஒரு காட்டமான வாடை. ஆலையின் மீது சந்தேகப்பட்டேன், கோஜியின் வாடை இப்படித்தான் இருக்குமோ என்றுகூடக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மனைவி காலிக் கிண்ணம் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது பெருங்காயம்" என்றார். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருந்தது மசாலா டப்பாக்கள் இருக்கும் மூடிய அலமாரியில். பெருங்காயமும் பாத்திரம் துலக்கும் திரவத்தின் எலுமிச்சை வாசனையும் கவிழ்ந்த கிண்ணத்துக்குள் ஒரு வாரம் அடைபட்டிருந்திருக்கின்றன. வெறும் கிண்ணத்தை முகர்ந்தால் எனக்கு அது தெரியவில்லை. கொதிக்கும் வெந்நீரை அதில் ஊற்றி, அரை நிமிடம் கழித்து ஆவியை முகர்ந்தபோது சாம்பார் வைத்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

அன்றிலிருந்து வெந்நீர்ச் சோதனையில் தேறாத கிண்ணம் மேசைக்கு வருவதில்லை. கழுவுவதற்கு வெந்நீரும் விரல்களும் போதும், திரவம் தேவையில்லை. திறந்த தட்டில் வாயை மேல்நோக்கி வைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிடுகிறேன். இந்த வேலைக்குச் செலவே இல்லை. ஆனால் மற்ற எல்லா மாற்றங்களையும் விட இதுதான் அதிகம் உதவியது என்பது என் ஊகம்.

அடுத்தது வெப்பநிலை. ஜப்பானியர்கள் சாக்கேயின் வெப்பநிலைக்கு ஐந்து பாகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 5 பாகை யுகிபியே, பனிக் குளிர்ச்சி, 10 ஹனாபியே, பூக் குளிர்ச்சி, 15 சுசுபியே. அதற்கு மேல் 30 ஹினாத்தாகான், இளவெயில் சூடு. 35 ஹிதொஹதாகான், மனித உடலின் வெதுவெதுப்பு. 40 நுருகான், 45 ஜோகான், 50 அத்சுகான், 55 தொபிகிரிகான். இவற்றை முதலில் கவிதை விளையாட்டு என்று ஒதுக்கியிருந்தேன். 1,300 யென்னுக்குக் கூர்முனை வெப்பமானி ஒன்றை வாங்கி, அதே ஜுன்மாயை ஒவ்வொரு பாகையிலும் சுவைத்துப் பார்த்த ஒரு மாலையில் எண்ணம் மாறியது. 5 பாகையில் அது வெறும் குளிர்ந்த நீர், கடைசியில் இலேசான கசப்பு. 20 பாகையில் அரிசி தெரிந்தது. 45 பாகையில், சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் படும் ஆவியின் வாசனை. ஜூனில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியது ஏன் வீணாயிற்று என்று அப்போது புரிந்தது. இரண்டு சாக்கேயும் குளிரில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கின்றன.

சூடேற்றுவதில் ஒரு வாரம் வீணாயிற்று. மைக்ரோவேவ் அடுப்பில் டொக்குரியை, அதாவது கழுத்து ஒடுங்கிய பீங்கான் குடுவையை, ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் கழுத்தருகே வெப்பமானியைச் செருகினேன்: 61 பாகை. அடிவரை இறக்கினேன்: 38 பாகை. ஒரே குடுவைக்குள் 23 பாகை வேறுபாடு. மேலாக ஊற்றிய முதல் கிண்ணத்தில் சாராய ஆவி மூக்கைக் குத்தியது, கடைசிக் கிண்ணம் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அதற்கு முன் இரண்டு நாள் இதே முறையில் குடித்துவிட்டு 'சூடான சாக்கே முரடானது' என்று எழுதிய குறிப்புகளை அடித்துவிட்டேன்.

பிறகு 1,600 யென்னுக்கு ஓர் அலுமினியச் சிரோரி வாங்கினேன். நீண்ட குவளையைப் போல இருக்கும், விளிம்பில் தொங்கவிட ஒரு கைப்பிடி. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, தண்ணீர் 80 பாகைக்கு இறங்கியதும், 180 மில்லிலிட்டர் சாக்கே உள்ள சிரோரியை அதில் இறக்க வேண்டும். 20 பாகையில் இருந்த சாக்கே 45ஐத் தொட எங்கள் சமையலறையில் இரண்டரை நிமிடம் ஆனது. தடித்த டொக்குரியில் அதற்கு நான்கு நிமிடத்துக்கும் மேல். அடுப்பு எரியும்போதே இறக்கிவிட்டு ஒருமுறை தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெப்பமானி 68 காட்டியது. அந்தச் சாக்கேயைக் கொட்டிவிடாமல் ஆற வைத்து 45இல் சுவைத்துப் பார்த்தேன். குத்தல் போயிருந்தது, கூடவே வாசனையும் போயிருந்தது.

ஜூலையில் நடந்த விபத்துதான் பெரியது. கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த ஒரு நமாசாக்கேயை 1,760 யென் கொடுத்து வாங்கினேன். பெரும்பாலான சாக்கேகளை 65 பாகை அளவுக்கு இருமுறை சூடாக்கி, உள்ளே இருக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்த பிறகுதான் விற்கிறார்கள். நமாவை அப்படிச் சூடாக்குவதில்லை. கால்வாசி குடித்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் மாவுப் பாத்திரத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் புட்டியைக் கீழ் அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம். வெளியே 33 பாகை. திறந்தபோது, வேர்க்கடலையை அவித்து ஈரத் துணியில் மூடி மறந்துவிட்டது போன்ற வாடை. உயிரோடு இருந்த நொதிகள் வெப்பத்தில் வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. இதற்கு ஜப்பானியத்தில் 'முரேகா' என்று தனிப் பெயரே இருக்கிறது. கற்றுக்கொள்ளக் கொடுத்த கட்டணம் 1,760 யென்.

அந்தப் புட்டி இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. சூடாக்கிய சாக்கேயும் திறந்த பிறகு மாறும். புட்டி காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடும். முதல் வாரம் சுவைத்ததையும் மூன்றாம் வாரம் சுவைத்ததையும் ஒரே சாக்கே என்று எண்ணி நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே புட்டியைத் திறந்த உடனேயே 100 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டிகள் ஏழில் கழுத்துவரை நிரப்பி மூடி, குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசையில், வெளிச்சம் படாமல் நாளிதழ் சுற்றி வைப்பது என்று தீர்மானித்தேன். 720இல் ஏழு புட்டி போக 20 மில்லிலிட்டர் மிஞ்சும். அது ஊற்றியவனின் கூலி. நூறு யென் கடையில் வரியோடு 110 யென்னுக்குக் கிடைத்த முதல் ஏழு புட்டிகளும் பயனற்றுப் போயின. மூடிக்குள் இருந்த இரப்பர் வளையம் இரண்டே நாளில் சாக்கேக்குச் செருப்புக் கடை வாசனையை ஏற்றிவிட்டது. இரப்பர் இல்லாத உலோகத் திருகு மூடியுள்ள பதினான்கு புட்டிகளை அதே விலைக்கு வேறு கடையில் கண்டுபிடித்தேன்.

ஆகஸ்டில், நெருங்கிய இரண்டைப் பிரிக்கும் ஆசையை ஒத்திவைத்துவிட்டு, தூரத்தில் இருப்பவற்றோடு பழகத் தொடங்கினேன். முதலில் ஒரு டைகின்ஜோவும் ஒரு கிமோட்டோ ஜுன்மாயும். டைகின்ஜோவில் அரிசியில் பாதியோ அதற்கு மேலுமோ தீட்டித் தள்ளியிருப்பார்கள். கிண்ணத்தை உயர்த்துவதற்குள்ளேயே ஆப்பிளும் பழுத்த வாழையும் மூக்குக்கு வந்துவிட்டன. கிமோட்டோவில், இயற்கையாக வரும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களை வளரவிட்டு, நொதித்தலைத் தொடங்கி வைக்கும் தாய்க்கலவையைத் தயாரிப்பார்கள். அதில் புளித்த தயிரும் வறுத்த அவலும் தெரிந்தன. ஒன்பதுக்கு ஒன்பது. இதை யாரும் கண்டுபிடிப்பார்கள், ஆனால் எனக்கு அந்த வெற்றி வேண்டியிருந்தது. போகட்டும் என்று டைகின்ஜோவை 50 பாகைக்குச் சூடாக்கியும் பார்த்தேன். 2,750 யென் கொடுத்து வாங்கிய பழவாசனை சமையலறைக்குப் போய், கிண்ணத்தில் கசப்பு மிஞ்சியது.

செப்டம்பரில் கொஞ்சம் நெருங்கிய இணை: கோபேயை ஒட்டிய நாதாப் பகுதியின் ஜுன்மாய் ஒன்றும், எங்கள் ஊர் ஜுன்மாயும். நாதாவின் பெயர் 1840இல் கண்டறியப்பட்ட மியாமிசு என்ற கடின நீரால் வந்தது. அதில் உள்ள தாதுக்கள் ஈஸ்ட்டைத் துரிதப்படுத்தும். ஹிரோஷிமாவின் மென்னீரில் நொதித்தல் சுணங்கிப் போகும். இன்று எங்கள் நகரத்தோடு சேர்ந்துவிட்ட அகித்சுவைச் சேர்ந்த மியுரா சென்சபுரோ, கோஜியை நன்றாக ஊடுருவ வளர்த்து, குறைந்த வெப்பத்தில் நீண்ட நாள் நொதிக்கவிடும் முறையை வகுத்து 1898இல் வெளியிட்டார். கிண்ணத்தில் இது எப்படித் தெரிகிறது என்றால், நாதா சாக்கே விழுங்கும் இடத்தில் வெட்டென்று முடிந்தது, எங்கள் ஊருடையது நாக்கின் நடுவே கொஞ்ச நேரம் தங்கியது. சொல்லில் வைத்த பிறகு, அந்த இடத்தையே தேடத் தொடங்கினேன். ஒன்பதில் எட்டு வந்தது.

இதற்கு முன் புட்டியின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி இருந்தேன். நிஹோன்ஷுதோ என்ற எண் கூட்டலில் போகப் போக இனிப்பு குறைவு, கழித்தலில் போகப் போக அதிகம் என்பார்கள். இந்த இரண்டு புட்டியிலும் அது +4. ஆனால் அமில அளவு ஒன்றில் 1.3, மற்றதில் 1.7, அந்த வேறுபாட்டினாலேயே ஒன்று மற்றதை விட இனிப்பு குறைந்ததாகத் தெரிந்தது. ஓர் எண்ணை மட்டும் பார்த்துக் கடையில் புட்டி எடுக்கும் பழக்கத்தை அத்துடன் விட்டேன்.

சுவைக்கும் முறையும் இதற்குள் நிலைபெற்றது. காலை உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து, அடுப்பில் எதுவும் தாளிக்கப்படாத நேரம். கிண்ணத்தை அசைக்காமல் ஒரு முகர்வு, பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில். நாக்கு முழுதும் பரவவிட்டு, உதடுகளின் இடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி மூக்கு வழியே விட வேண்டும். வாசனையில் பாதி இந்த வெளிமூச்சில்தான் கிடைக்கிறது. பிறகு துப்பிவிட வேண்டும். துப்புவது எனக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று முதல் சில முறை விழுங்கினேன். ஐந்தாம் சுற்றுக்கு மேல் எழுதிய குறிப்புகளை மறுநாள் என்னாலேயே படிக்க முடியவில்லை. இப்போது மேசையின் கீழே ஒரு வாளி இருக்கிறது. சுற்றுகளுக்கு நடுவே குடிக்கும் தண்ணீரை, ஊர்க்காரர்களும் பிடித்துச் செல்லும் ஓர் ஆலைக் கிணற்றிலிருந்து கொண்டு வருகிறேன்.

கிண்ணங்களை அடுக்கும் வேலையைப் பகடையிடம் விட்டுவிட்டோம். இரண்டு வகைச் சாக்கேயை மூன்று கிண்ணங்களில், ஒன்று மட்டும் வேறாக, ஆறு விதமாகத்தான் வைக்க முடியும். பகடைக்கும் ஆறு முகம். அதற்கு முன் மனைவி தம் விருப்பப்படி வைத்தபோது, 'வேறு' கிண்ணத்தை நடுவில் வைப்பதை அவர் தவிர்க்கிறார் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டிருந்தேன். அது சாக்கே சுவைப்பது ஆகாது, மனைவியைப் படிப்பது.

அக்டோபரில் அதே ஜுன்மாயையும் ஹொன்ஜோசோவையும் புதிதாக வாங்கிச் சிறு புட்டிகளில் பிரித்து, இரண்டிலும் 20 பாகை வந்ததை வெப்பமானியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜுன்மாயின் மூச்சில் சோற்று ஆவி இருந்தது. ஹொன்ஜோசோ நாக்கில் பட்ட வேகத்திலேயே வழுக்கிப் போனது. ஐந்தாம் சுற்றில் தவறியதற்குக் காரணம் தெரியவில்லை. ஒன்பதாவதில் மூக்கு களைத்துவிட்டது, இடைவெளி விடாமல் ஓடினேன். ஒன்பதில் ஏழோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வர நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்பதால் மகிழ்ச்சியைத் தள்ளிப்போடவில்லை.

கருவிகளுக்கான செலவு, பயனற்றுப் போன ஏழு புட்டிகள் உட்பட, 8,510 யென். ஒன்பது புட்டிச் சாக்கேக்கு 14,130. மொத்தம் 22,640 யென். வெப்பமானியும் கிண்ணங்களும் இன்றி மூன்று ஆண்டுகளாக நான் குடித்தவற்றின் கணக்கை இதனோடு சேர்க்கவில்லை.

மீண்டும் தொடங்கினால், எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்ற மாட்டேன். கிண்ணம், வெப்பநிலை, சேமிப்பு, நேரம், கண்மூடல் என்று ஐந்தையும் மாற்றிவிட்டு ஏழு வந்தது என்கிறேன். எது எத்தனை மதிப்பெண் தந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒன்பது சுற்று ஓடியிருக்க வேண்டும். அலுமினியத்துக்குப் பதில் வெள்ளீயச் சிரோரி வாங்கச் சொல்கிறார்கள்; விலை பல மடங்கு என்பதால் யோசிக்கவில்லை. அடுத்து இதே இணையை 40 பாகையில் சோதிக்க வேண்டும். மூன்று கிண்ணங்களும் ஒரே சூட்டில் மேசைக்கு வரும் வழியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, இரண்டாவதைத் தொடுவதற்குள் மூன்றாவது இரண்டு பாகை இறங்கிவிடுகிறது.

ஞாயிறு மிஞ்சிய சிறு புட்டிகள் இரவு உணவோடு தீர்ந்து வருகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் தேதி எழுதி நாளிதழ் சுற்றி, மாவுப் பாத்திரத்தின் கைக்கு எட்டாத மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அவற்றைப் புதுப் புட்டிகளோடு ஒரே வரிசையில் வைத்துப் பகடை உருட்டப் போகிறோம்.